முதலில் எஸ்எம்பிஎஸ், அப்புறம்தான் கிராபிக்ஸ் கார்டு

2019 வாக்கில் அசெம்பிள் செய்த சிஸ்டம் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. வாங்கிய புதிதில் நன்றாகத்தான் ஓடியது, இப்போது வரும் கேம்களில் திணறுகிறது, கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கிறது. உடனே எல்லோரும் செய்வது என்ன? நேராகச் சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போய், இருக்கிற பணத்துக்கு எந்தக் கார்டு வரும் என்று கேட்பது. கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: கேபினட்டின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நிதானமாகப் படியுங்கள்.

அதில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கும். அதை விடுங்கள். கீழே சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும், 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று. ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுச் சுமையையும் அந்த 12 வோல்ட் லைனில்தான் போடுகின்றன, அதனால் நமக்கு வேண்டியது அந்த வரிசையில் எத்தனை ஆம்பியர் என்பது மட்டும்தான். 18 ஆம்பியர் என்று இருந்தால் 12 பெருக்கல் 18, அதாவது 216 வாட். உங்களிடம் உண்மையில் இருப்பது அவ்வளவுதான். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே இடத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும், பெருக்கினால் 540 வந்துவிடும். 12 வோல்ட் இரண்டு வரிசையாகப் பிரித்துப் போட்டிருந்தால் இரண்டையும் நீங்களே கூட்டாதீர்கள், இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் எத்தனை வாட் என்று அங்கேயே தனியாக அச்சிட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் கொஞ்சம் வலியானது. 1050 டிஐ மாதிரி கார்டு மதர்போர்டு ஸ்லாட்டில் இருந்தே 75 வாட் எடுத்துக்கொண்டு ஓடிவிடும், அதனால் கேபினட்டோடு சேர்ந்து வந்த மட்டமான எஸ்எம்பிஎஸ் வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் தப்பித்துக்கொண்டிருந்தது. பெரிய கார்டு வாங்கினேன், அதற்குத் தனியாக மின்சாரம் தரும் 8 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை, கடையில் பழைய வகை மோலெக்ஸ் ப்ளக்கை 8 பின்னாக மாற்றும் ஒரு கன்வெர்டர் கொடுத்தார்கள், போட்டேன், ஓடியது. பத்தே நாளில் ஒரு சாயங்காலம் டப்பென்று சத்தம், கருகிய வாடை. மதர்போர்டும் போனது, ஹார்ட் டிஸ்க்கும் போனது, அதோடு அக்கா கல்யாண போட்டோக்களும் போயின. 8 பின் கேபிள் இல்லாத எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்குத் தகுதியில்லை என்பதை அந்தக் கேபிள் இல்லாததே சொல்லிவிடுகிறது. கன்வெர்டர் போட்டு அதை மறைக்காதீர்கள்.

சரி, எத்தனை வாட் வேண்டும்? கார்டு எவ்வளவு, ப்ராசசர் எவ்வளவு என்று பார்த்துக் கூட்டி, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு ஒரு 60 அல்லது 70 வாட் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட், ரைசன் 5 5600 முழு வேகத்தில் 90 வாட்டுக்குள் முடிந்துவிடும், எல்லாம் சேர்த்தால் 275 வருகிறது. இதற்கு நல்ல 550 வாட் தாராளம். ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 200 வாட், 5070 என்றால் 250 வாட், அங்கே 650 எடுங்கள். 300 வாட் இழுக்கும் 5070 டிஐக்கு 750. கூட்டிய கணக்கைவிட இவ்வளவு அதிகம் ஏன் என்றால், கார்டு சராசரியாக 200 வாட் எடுத்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தை விடக் குறைவான கணங்களுக்கு அதற்கு மேலே எகிறிக் குதிக்கும், சுமை அதிகமாகிவிட்டது என்று எஸ்எம்பிஎஸ் நினைத்து அணைந்துவிடும். எஸ்எம்பிஎஸ்களுக்காக 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இந்தத் துள்ளலை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது, மிகக் குறுகிய நேரத்துக்குத் தன் அளவைப் போல இரண்டு மடங்கு வரை தாங்க வேண்டும் என்கிறது. இன்று புதிதாக வாங்குகிறவர் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்கலாம். அதற்காக 4060க்கு 1000 வாட் எடுத்து வைப்பதும் வேண்டாம், அந்தப் பணத்தைக் கார்டில் போட்டால் கேமில் தெரியும்.

80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலம்), கோல்டு என்கிற முத்திரை பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. அது சுவரில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதம் வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டும் சொல்கிறது. பாதுகாப்பைப் பற்றியோ உழைப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லாது. சிஸ்டத்துக்கு 300 வாட் வேண்டும் என்றால் 85 சதவீத எஸ்எம்பிஎஸ் 353 வாட் இழுக்கும், 90 சதவீதம் உள்ளது 333 இழுக்கும், தினமும் நான்கு மணி நேரம் ஆடினாலும் மாதம் இரண்டரை யூனிட்தான் வித்தியாசம். எனவே மின் கட்டணத்துக்காக கோல்டு வாங்காதீர்கள். கோல்டு மாடல்களில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பாகங்களும் நல்லதாக இருக்கும், வாரன்டி ஏழு, பத்து வருடம் என்று வரும், அதற்காக வாங்கலாம். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் ஐந்து வருட வாரன்டி உள்ள நல்ல ப்ரான்ஸ் போதும்.

நம் ஊரில் இன்னொன்று பார்க்க வேண்டும், சூடு. எத்தனை டிகிரியில் முழு வாட்டும் தரும் என்று நல்ல கம்பெனிகள் எழுதியிருக்கும், சிலது 40, சிலது 50. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில், மூடிய கேபினட்டுக்குள் 40 என்பது எட்டிவிடுகிற அளவுதான், முடிந்தால் 50 போட்டதை எடுங்கள்.

இனி யாரும் அதிகம் பேசாத எர்த். கேபினட்டின் ஸ்க்ரூவைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? நிறையப் பேர் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து மாற்றுகிறார்கள், மாற்றிய பிறகும் இழுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் உலோக உடம்புக்குச் சிறிய கெபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்த வழியாகக் கசியும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உடம்பிலேயே பாதி வோல்டேஜ் அளவுக்கு நிற்கும். மூன்று பின் சாக்கெட் இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை, பழைய வாடகை வீடுகளில் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230 பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. உலோக உடம்பில் கசியும் மின்சாரத்தில் இருந்து நம்மைக் காப்பது எர்த் இருந்தால்தான் நடக்கும்.

கரண்ட் போகிற ஊர் என்றால் யுபிஎஸ் வேண்டும். 600 விஏ என்று விற்பது பொதுவாக 360 வாட்தான் தரும், கேம் நடுவில் கரண்ட் போனால் மானிட்டரோடு சேர்த்து அது திணறும். 1000 விஏ என்றால் 600 வாட் அளவுக்கு வரும். அதோடு விலை குறைந்தவை பேட்டரியில் ஓடும்போது படிப்படியான அலையைத் தரும், இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சில அதைப் பிடிக்காமல் அணைந்துவிடும், பியூர் சைன் வேவ் வாங்கினால் அந்தப் பிரச்சினை இல்லை. வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பவர்கள் அதன் பின்பக்கம் யுபிஎஸ் மோடு என்ற ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், பேட்டரிக்கு வேகமாக மாறும்; கரண்ட் போன கணத்தில் எஸ்எம்பிஎஸ் தன் கையிருப்பில் சுமார் 16 மில்லி செகண்ட்தான் தாக்குப்பிடிக்கும்.

எஸ்எம்பிஎஸ் முடிவாகிவிட்டால் மற்ற பாகங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். பி450க்கு முழுதாக மதர்போர்டு மாற்றத் தேவையில்லை, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்தால் 5600 அதே சாக்கெட்டில் உட்காரும். ஆனால் பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே அப்டேட்டை முடித்துவிட வேண்டும், கழற்றிய பிறகு யோசித்தால் திரை வராது. ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் இரண்டு 8 ஜிபியாக மாற்றி, நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசசரில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய மறக்காதீர்கள். கார்டில் ஒரு நுணுக்கம்: 4060 மதர்போர்டோடு பேசும் தடங்கள், அதாவது லேன், எட்டுதான்; பி450யில் அந்த ஸ்லாட் பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0. நடைமுறையில் இழப்பு குறைவு, ஆனால் 8 ஜிபி மெமரி நிரம்பும் கேம்களில் தெரியும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நான்கு லேன் கார்டைப் பழைய போர்டுக்கு வாங்கவே வாங்காதீர்கள். கேபினட்டுக்குள் கார்டின் நீளம் அடங்குமா என்று டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார்டு, ஒரு மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டினால் வாங்கலாம். செகண்ட் ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் வேண்டாம், விலை எவ்வளவு குறைந்தாலும்.

மாட்டும்போது மிக முக்கியமான ஒன்று. பழையதும் புதியதும் கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால், பழைய கேபிள்கள் ஏற்கெனவே அழகாகக் கட்டி வைத்திருக்கின்றனவே, பெட்டியை மட்டும் மாற்றுவோம் என்று தோன்றும். செய்யாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறும். ப்ளக் சரியாகப் பொருந்தும், ஆன் செய்த நொடியில் எஸ்எஸ்டி போய்விடும். கார்டுக்கு இரண்டு 8 பின் தேவைப்பட்டால் ஒரே கேபிளின் இரண்டு தலைகளைப் போடாமல் இரண்டு தனி கேபிள் இழுங்கள். புது வகை 16 பின் ப்ளக் என்றால் இடைவெளி தெரியாமல் முழுவதும் உள்ளே போகும்வரை அழுத்துங்கள், 4090 கார்டுகளில் உருகிய ப்ளக்குகளில் பல, முழுதாக உள்ளே போகாதவை.

எல்லாம் முடிந்து ஓட ஆரம்பித்ததும், முதல் வாரத்திலேயே உங்களிடம் உள்ள கனமான கேமை இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டிப் பாருங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 12 வோல்ட் லைனைக் கவனியுங்கள், 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்க வேண்டும். மென்பொருள் காட்டும் எண் துல்லியமானது இல்லை, ஆனால் கேம் சூடுபிடிக்கும்போது எண் சரிவதும் சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆவதும் சேர்ந்து நடந்தால், கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, பில்லோடும் பெட்டியோடும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைக்கு எடுத்துப் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள்.