மலைச்சாலையில் ஓடும் காருக்கு எந்த அளவு காப்பீடு போட வேண்டும்?

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு மாதம் ஒருமுறையேனும் கார் ஓட்டுகிற குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். ஒருவருக்குக் கொல்லத்தில் வியாபாரம். இன்னொருவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் கொட்டாரக்கரை. காப்பீடு பற்றிக் கேட்டால், "ஃபுல் இன்சூரன்ஸ்" என்றோ "தேர்டு பார்ட்டி மட்டும்தான்" என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பாலிசியில் "ஃபுல்" என்று எதுவும் கிடையாது. எது அடங்கும், எது அடங்காது என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். (எல்லை தாண்டுவதற்குத் தனிப் பாலிசி தேவையா என்று சிலர் கேட்கிறார்கள். தேவையில்லை, இந்தியா முழுவதற்கும் ஒரே பாலிசிதான்.)

முதலில் தேர்டு பார்ட்டி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் சாலையில் இறங்கவே கூடாது; மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நம் காரால் பிறருக்கு மரணமோ காயமோ நேர்ந்தால், தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் வரம்பு உண்டு. அந்த வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் பிரீமியத்தில் சிறு தள்ளுபடி தருவார்கள். தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். புளியரை வளைவில் எதிரே வரும் லாரியின் முகப்பை உரசினாலே 6,000 ரூபாய் எந்த மூலைக்கும் காணாது.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. சொந்தக் காருக்குத் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், காருக்குள் நம்மோடு பயணம் செய்பவர்கள் அதில் அடங்க மாட்டார்கள். அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகும்போது விபத்து நேர்ந்தால், அவர்களுக்காக அந்தப் பாலிசியில் எதுவும் கேட்க முடியாது. நம் காரின் சேதத்தையும் ஏற்கும் விரிவான பாலிசியில் ("ஃபுல்" என்று சொல்வது இதைத்தான்) காருக்குள் இருப்பவர்களுக்கான பொறுப்பும் அடங்கும் என்பதை 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே, "கார் பழசாகிவிட்டது, தேர்டு பார்ட்டி போதும்" என்று சொல்பவர்களிடம் நான் உடன்படுவதில்லை. கார் பழசாக ஆக அதன் மதிப்பு குறைகிறது. மதிப்பு குறையக் குறைய விரிவான பாலிசிக்குக் கூடுதலாகக் கட்ட வேண்டிய தொகையும் குறைகிறது. உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் தனியாகப் போய்வரும் பழைய காருக்குத் தேர்டு பார்ட்டி போதுமானதாக இருக்கலாம். குடும்பத்தோடு மலை ஏறும் காருக்கு அது போதாது.

உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, பதிவுச் சான்றில் எவர் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே பொருந்தும். மனைவி பெயரில் உள்ள காரைக் கணவர் ஓட்டினால் அது அவருக்குக் கிடைக்காது. அப்படிப்பட்ட குடும்பங்கள், பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டையும், கூலிக்கு ஆக்டிங் டிரைவர் வைப்பவர்கள் ஓட்டுநருக்கான பொறுப்பையும் கேட்டுச் சேர்க்க வேண்டும். இரண்டும் மிகச் சிறிய தொகைதான்.

அடுத்தது ஐ.டி.வி., அதாவது கார் களவு போனாலோ முழுதும் சேதமானாலோ கிடைக்கும் உச்சத் தொகை. புதிய காருக்கு ஆறு மாதம் வரை 5 சதவீதமும், ஓராண்டு வரை 15 சதவீதமும் கழித்து, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் கழிப்பது வழக்கம். ஐந்து ஆண்டுக்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. பிரீமியம் குறைகிறதே என்று ஐ.டி.வி.யைத் தாழ்த்திப் போடச் சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். சேமிப்பது சில நூறு ரூபாய், இழப்பது பல்லாயிரமாக இருக்கும்.

விரிவான பாலிசியிலும் பில் முழுவதும் கிடைப்பதில்லை. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிப்பார்கள், கண்ணாடிக்குக் கழிப்பதில்லை. பின் பம்பர் உடைந்து அதற்கு மட்டும் 12,000 ரூபாய் பில் வந்தால், பாதி போக 6,000; அதில் 1,500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. கையில் வருவது 5,000. இந்தத் தேய்மானத்தைத் தவிர்ப்பதுதான் "பம்பர் டு பம்பர்" என்று நம் பக்கம் சொல்லும் சேர்க்கை, அதாவது கூடுதல் பணம் கட்டிப் பாலிசியோடு சேர்த்துக்கொள்வது. ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட காருக்கு அதை நான் கட்டாயமாகவே போடுவேன்.

மழைக்காலத்தில் கேரளத்துக்குப் போகிறவர்கள் என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கையை விட்டுவிடக் கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஓர் ஆடி மாதத்தில் தென்மலையைத் தாண்டி, சாலையில் தேங்கியிருந்த நீரில் என் கார் நின்றுவிட்டது. நான் சாவியைத் திருப்பினேன், ஒரு முனகல் மட்டும் வந்தது, மறுபடியும் திருப்பினேன். ஒர்க்‌ஷாப்பில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது சேற்றுநீர் ஒழுகியது. உள்ளே கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. வெள்ளத்தால் நேர்ந்த மற்றச் சேதத்தை ஏற்ற நிறுவனம், நீர் புகுந்த பின் இயக்கியதால் என்ஜின் கெட்டது என்று கூறி அந்தச் செலவை மறுத்துவிட்டது. நீரில் நின்ற காரை இயக்காமல் தள்ளி வெளியேற்றி, இழுவை வண்டி வரும் வரை காத்திருக்க வேண்டும்.

சாவி தொலைதல், டயர் போன்ற சேர்க்கைகள் வசதிக்கானவை. பணம் மிஞ்சினால் பார்க்கலாம். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தள்ளுபடியாகக் கிடைக்கும் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாண்டில் 50 சதவீதம் வரை ஏறுகிறது. ஒரு கீறலுக்காகக் கோரிக்கை வைத்து அதை இழப்பது நட்டம். பாலிசி காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் அது போய்விடும்.

கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குச் சொந்தக் காரைத் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. வெள்ளைப் பலகைக் காரின் பாலிசி வாடகைப் பயணத்தை ஏற்காது. காசு வாங்கியது தெரிந்தால் கார் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்படும். இனாமாகக் கொடுத்தாலும், சாவியைத் தருமுன் ஓட்டுபவரின் உரிமத் தேதியைக் கையில் வாங்கிப் பாருங்கள்.