அப்பா யாருடைய படகை விற்றார்?

பாம்பனில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். ஒருத்தன் எழுதியிருந்தான்: "மை ஃபாதர் சோல்ட் தேர் போட்." அப்பா தன் படகை விற்றார் என்று சொல்ல வந்தவன், யாரோ சிலருடைய படகை விற்றார் என்று எழுதிவிட்டான். இந்தக் கரையில் அது போலீஸ் கேஸ்.

அவன் மேல் தப்பில்லை. அப்பாவை 'அவர்' என்றுதானே சொல்கிறோம்? அந்த மரியாதை ஆங்கிலத்துக்குப் போகும்போது பன்மையாகி 'தேர்' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்பாவுக்கும் 'ஹிஸ்'தான், தொட்டிலில் கிடக்கும் தம்பிக்கும் 'ஹிஸ்'தான். அம்மா, டீச்சர் யாரானாலும் 'ஹெர்'. கொஞ்சம் கூசும், பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

'எங்க அம்மா' இன்னொரு வழுக்கல். ஒற்றைப் பிள்ளைகூட நம் ஊரில் 'என் அம்மா' என்பதில்லை. அதை அப்படியே 'அவர் மதர்' என்றால் (தமிழ் 'அவர்' இல்லை, 'எங்கள்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்), கேட்பவர் கூடப் பிறந்தவர்களைத் தேடுவார். தனியாளாகப் பேசும்போது 'மை மதர்' போதும்.

உடம்பு விஷயத்தில் நேர்மாறு. மீன் முள் குத்தினால் "கை வலிக்குது" என்போம். யார் கை என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும்: "மை ஹேண்ட் ஹர்ட்ஸ்."

மை, மைன் குழப்பம் சுலபமாகத் தீரும். "இந்த வலை என்" என்று யாராவது சொல்வோமா? 'என்னுடையது' என்போம். அந்த 'அது' வரும் இடத்தில் மைன், யுவர்ஸ், ஹெர்ஸ், தேர்ஸ். பின்னால் வலையோ படகோ ஒட்டி வந்தால் மை, யுவர், ஹெர், தேர். 'ஹிஸ்' இரண்டு இடத்திலும் மாறாது.

இந்தச் சொற்கள் எதிலும் எஸ்-க்கு முன்னால் அபாஸ்ட்ரஃபி (மேலே போடும் ’ குறி) கிடையாது. படித்தவர்களே சறுக்குவது 'இட்ஸ்'-இல். 'அதன்' என்னும் இட்ஸ் ஒன்று, 'இட் இஸ்' சுருங்கிய இட்ஸ் இன்னொன்று. காதுக்கு இரண்டும் ஒன்றுதான், எழுத்தில்தான் வம்பு: சுருங்கியதற்கு மட்டும் அபாஸ்ட்ரஃபி உண்டு. "நண்டு அதன் கொடுக்கை இழந்தது" என்று எழுதும்போது அந்த இடத்தில் 'இட் இஸ்' என்று விரித்துப் பாருங்கள். "அது இருக்கிறது கொடுக்கை" என்று உளறலாக வருகிறதா? அப்படியென்றால் அபாஸ்ட்ரஃபியை எடுத்துவிடுங்கள்.