புது சோலானம் என்று முடிவுகட்டும் முன்

கையிலிருக்கும் நூலில் படம் இல்லை, அதனால் இது புது இனம். கத்தரிக் குடும்பத்தில் இந்த அவசர முடிவு அடிக்கடி நடக்கிறது. சோலனேசி எனப்படும் இந்தக் குடும்பத்தில் சுமார் 2,700 இனங்கள். அதில் ஏறக்குறைய பாதி சோலானம் என்ற ஒரே பேரினத்தில். இத்தனையும் எந்தக் கையேட்டில் அடங்கும்?

இலையை நம்பித்தான் பலர் சறுக்குகிறார்கள். முள் சோலானம் ஒன்றின் அடியிலிருந்து கிளம்பும் இளங்கிளையில் இலை பெரிதாக, ஆழமாகப் பிளந்து, முள் அடர்ந்து நிற்கும். அதே செடியின் பூக்கும் கிளையில் இலை சிறியது, முள்ளும் ஒன்றிரண்டுதான். இரண்டையும் தனித்தனித் தாளில் அழுத்தி வைத்தால் வேறு வேறு இனம் என்று சத்தியமே செய்துவிடலாம். அதனால் ஒரே செடியோடு நிற்காமல், வெவ்வேறு வயதில் சிலவற்றைப் பாருங்கள்.

அப்புறம் கைலென்ஸ். முள் சோலானங்களின் இலையில் பெரும்பாலும் நட்சத்திர மயிர்கள் இருக்கும். கதிர்கள் எத்தனை, மயிருக்குக் காம்பு உண்டா, நடுக்கதிர் எவ்வளவு நீளம் என்று எண்ணிக் குறித்தால் பாதிக் குழப்பம் தீரும். மணத்தக்காளிக் கூட்டத்தில் நட்சத்திர மயிர் கிடையாது. அங்கே கவனம் பழத்துக்குப் போக வேண்டும். சோலானம் அமெரிக்கானம் என்ற இனத்தின் பழம் பளபளக்கும், புல்லி மடல்கள் பின்னால் மடங்கியிருக்கும்; சோலானம் நைக்ரம் என்ற இனத்தின் பழம் மங்கல். குரோமோசோம் முந்தையதில் 24, பிந்தையதில் 72. பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். (ருசி பார்த்து அடையாளம் காணும் ஆசை வேண்டாம். இது ஊமத்தையின் குடும்பம்.)

செடியை அழுத்திவிட்டு, குறிப்பை வீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்பது இன்னொரு தவறு. 2016-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து விவரிக்கப்பட்ட சோலானம் ஆசிகுருவென்டம் நல்ல பாடம்: காயை வெட்டினால் உள்ளே ரத்தச் சிவப்பாக மாறும், முற்றினால் எலும்புபோல வெளுத்துக் காயும். பெயரே அதிலிருந்து வந்ததுதான். உலர்ந்த தாளில் இதைத் தேடினால் கிடைக்குமா? பூவின் நிறம், காயை வெட்டினால் நடப்பது, எல்லாம் செடியின் பக்கத்தில் நின்றே எழுத வேண்டும். ஒரு பூவோடும் நிறுத்தக் கூடாது. அதே நாட்டின் சோலானம் பிளாஸ்டிசெக்ஸம், 2019-இல் பெயர் பெற்றது, ஆண், பெண் என்ற பூவின் பாலினத்தையே நிலையாக வைத்திருப்பதில்லை.

பழைய பெயர்களைத் தோண்டாமல் விடுவதுதான் கடைசியில் மானத்தை வாங்கும். கண்டங்கத்தரியையே பாருங்கள்: 1753-இல் லின்னேயஸ் வைத்த விர்ஜினியானம் இருக்க, சுரட்டென்ஸ், சாந்தோகார்பம் என்று பின்னால் வந்தவையும் புழக்கத்தில் ஊறிவிட்டன. மூன்றும் ஒரே செடி. விர்ஜினியா என்ற பெயரைப் பார்த்து அமெரிக்கச் செடி என்று ஒதுக்கியவர் ஏமாந்தார். ஆகவே நெருங்கிய இனங்களின் எல்லா இணைப்பெயர்களையும், அவற்றின் வகைமாதிரிகளையும் (ஒரு பெயர் எந்தச் செடிக்கு என்று நிலைநிறுத்தும் மாதிரிகள்) ஒப்பிட்டாக வேண்டும். ஒரே ஒரு டிஎன்ஏ துண்டு இந்த வேலையைச் செய்யாது. கலப்பினமாக இருந்தால் அதுவே திசைதிருப்பும்.

சரி, உண்மையிலேயே புதிதுதானா? 2012 முதல் லத்தீன் விவரணை கட்டாயமில்லை, ஆங்கிலம் போதும். ஆனால் வகைமாதிரி எது, எந்த ஹெர்பேரியத்தில் (உலர்செடிக் காப்பகத்தில்) இருக்கிறது என்று கட்டுரையில் சொல்லாவிட்டால் அந்தப் பெயர் செல்லாது.