குந்திரிக்க எண்ணெயின் ஆய்வக அறிக்கையை வாசிப்பது எப்படி?

குந்திரிக்க எண்ணெய்க்கான ஆய்வக அறிக்கை கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலிடத்தில் இருக்கும் வேதிப்பொருளையும் அதன் சதவீதத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் சரிதானா என்பதைச் சொல்வது, பக்கத்தில் இருக்கும் வேறொரு எண்: தக்கவைப்புக் குறியெண். அதைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேதியியல் பட்டம் தேவையில்லை.

படி 1: மரத்தின் பெயரைத் தேடுங்கள்

குந்திரிக்கம் போஸ்வெல்லியா பேரினத்து மரங்களின் பிசின். ஓமன், ஏமன், சோமாலியா பகுதிகளில் போஸ்வெல்லியா சாக்ரா வளர்கிறது, எத்தியோப்பியாவிலும் சூடானிலும் பாப்பிரிஃபெரா, இந்தியாவில் செர்ராட்டா. மூன்றின் எண்ணெயும் மூன்று விதம். இனப்பெயர் இல்லாத அறிக்கையை எதனோடும் ஒப்பிட முடியாது.

படி 2: எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள்

நீராவியில் வடித்த எண்ணெய் என்றால், எளிதில் ஆவியாகும் மூலக்கூறுகளே அதில் பெரும்பகுதி. பைனீன் போன்ற மோனோடெர்பீன்கள் எனப்படும் சிறிய மூலக்கூறுகளின் நிறை 136. பிசினில் இருக்கும் கனமான பொருளான போஸ்வெல்லிக் அமிலத்துக்கோ சுமார் 456. அது பிசினோடு கொதிகலனிலேயே தங்கிவிடும். ஆகவே, நீராவியில் வடித்த எண்ணெயில் போஸ்வெல்லிக் அமிலம் நிறைந்திருப்பதாக யார் எழுதினாலும் நம்பாதீர்கள். பிசினுக்குச் சொல்லப்படும் பலன்களை அப்படியே எண்ணெய்மீது ஏற்றிவிடுவதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை.

படி 3: தக்கவைப்புக் குறியெண்ணைச் சரிபாருங்கள்

இங்கே நிதானமாக நில்லுங்கள். வாயு நிறப்பகுப்புக் கருவியில் எண்ணெயின் கூறுகள் நீண்ட மெல்லிய குழாய் வழியாக ஒவ்வொன்றாக வெளியேறுகின்றன. பிறகு நிறை நிறமாலைமானி ஒவ்வொன்றையும் உடைத்து, துண்டுகளைக் கொண்டு பெயரை ஊகிக்கிறது.

சிக்கல் அந்த ஊகத்தில்தான். ஆல்ஃபா-துஜீன், ஆல்ஃபா-பைனீன் இரண்டின் வாய்பாடும் C₁₀H₁₆. இரண்டின் நிறையும் 136. உடைந்தால் இரண்டிலும் உயரமாக நிற்பது 93 என்ற துண்டு. கணினி ஒன்றை மற்றொன்றாக எளிதில் எழுதிவிடும்.

அவற்றைப் பிரித்துக் காட்டுவது தக்கவைப்புக் குறியெண், அதாவது ஒரு கூறு குழாயில் எவ்வளவு நேரம் தங்கி வெளியேறுகிறது என்பதைக் குறிக்கும் எண். 1958-இல் வேதியியலாளர் கோவாட்ஸ் வகுத்த முறை இது: நேர்ச்சங்கிலி ஆல்கேன்களை (கிளையில்லாத ஹைட்ரோகார்பன்களை) அளவுகோலாக வைத்து, நோனேனுக்கு 900, டெக்கேனுக்கு 1000 என்று எண் தருகிறார்கள். முனைவற்ற (உட்பூச்சில் மின்முனைவு இல்லாத) குழாயில் துஜீன் சுமார் 924, பைனீன் 932, காம்ஃபீன் 946, பீட்டா-பைனீன் 974. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இவை சற்றே கூடலாம், குறையலாம்; வரிசை மாறாது.

ஓர் எடுத்துக்காட்டு. அறிக்கையில் ‘ஆல்ஃபா-பைனீன், 924’ என்று இருக்கிறது; காம்ஃபீன் 946 என்றும் இருக்கிறது. அட்டவணை முழுவதும் நகர்ந்திருந்தால் காம்ஃபீனும் 938 பக்கம் இறங்கியிருக்க வேண்டும். அது தன் இடத்திலேயே இருப்பதால், பைனீன் என்று எழுதப்பட்டது துஜீனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதைப் பார்க்கும் முன் குழாய் வகையையும் கவனியுங்கள். முனைவுள்ள மெழுகு வகைக் குழாயில் இவை இரண்டும் 1000-க்கு மேல் ஏறக்குறைய ஒரே இடத்தில் வரும்; அங்கே இந்தச் சோதனை பயன்படாது.

படி 4: முதன்மைக் கூறை மரத்தோடு பொருத்துங்கள்

சாக்ராவில் பெரும்பாலும் ஆல்ஃபா-பைனீன் முன்னிற்கும். செர்ராட்டாவில் ஆல்ஃபா-துஜீன். பாப்பிரிஃபெராவில் ஆக்டைல் அசிட்டேட். அது பல மாதிரிகளில் பாதிக்கும் மேல் இருக்கும். பெயர்ச்சீட்டில் சாக்ரா, பட்டியலின் தலையில் ஆக்டைல் அசிட்டேட் என்றால், வடித்தது வேறு மரத்தின் பிசின். பருவத்துக்கும் மரத்துக்கும் ஏற்பச் சதவீதம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கலப்படம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

படி 5: பழசா என்று பாருங்கள்

வெர்பினால், வெர்பினோன் ஆகியவை வழக்கத்தைவிட மிகுந்திருந்தால் பைனீன் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கலாம். பிசினிலும் இது நேரும், புட்டியிலும் நேரும். ஆக்சிஜனேற்றம் அடைந்த டெர்பீன்கள் தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை என்பதால், இத்தகைய எண்ணெயை உடலில் பூச வேண்டாம்.

படி 6: விடுபட்டதைக் கேளுங்கள்

சதவீதங்கள் பொதுவாக முகடுகளின் (ஒவ்வொரு கூறும் வெளியேறும்போது கருவியின் வரைபடத்தில் எழும் மேடுகளின்) பரப்பைக் குறிப்பவை, எடையை அல்ல. குறியெண் பத்தியோ முகடுகளின் வரைபடமோ இல்லையென்றால், குழாயின் விவரத்தோடு சேர்த்து அவற்றையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். முறையாகச் சோதித்த ஆய்வகத்திடம் இவை இருக்கும்.