காட்டு வான்கோழி வேட்டை: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி சீசனுக்குப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அதே காட்டில், உடம்பு முழுக்கப் பச்சையும் பழுப்புமாக உடுத்திக்கொண்டு, சேவலை வரவழைக்கப் பெட்டை வான்கோழி போலவே குரல் கொடுத்தபடி இன்னொரு வேட்டைக்காரரும் உட்கார்ந்திருக்கலாம். முதலில் மனதில் பதிய வேண்டியது அதுதான்.

ஆகவே, சத்தம் வரும் திசையை நோக்கிப் பதுங்கிப் போவதுதான் தவறுகளில் மிகப் பெரியது. அங்கே இருப்பது பறவையா மனிதரா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. பென்சில்வேனியாவில் வசந்தகால சீசனில் குரல் கொடுத்து வரவழைத்து மட்டுமே வேட்டையாடலாம். பதுங்கிப் போவது சட்ட விரோதம். சட்டம் சொல்லாத மாநிலத்திலும் அதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். விரித்த வால் சிறகைக் கையில் பிடித்து, அதன் மறைவில் தவழ்ந்து போகும் முறையைச் சிலர் வீடியோவில் காட்டுகிறார்கள். பொது நிலத்தில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

உடையிலும் கவனம் வேண்டும். சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் மாறும். சட்டைக் கழுத்தில் எட்டிப் பார்க்கும் வெள்ளை பனியன், பேன்ட் ஏறும்போது தெரியும் காலுறை, மூக்குத் துடைக்க எடுக்கும் சிவப்புக் கைக்குட்டை, இவை போதும் விபத்துக்கு. உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். யாராவது நடந்து வந்தால் கையசைக்காதீர்கள்; அசைவையே பறவை என்று நினைத்துவிடுவார்கள். வாய்விட்டு உரக்கப் பேசுங்கள். சுட்ட பறவையை ஆரஞ்சு நிறப் பையில் போட்டு வெளியே கொண்டுவாருங்கள்.

உரிமம் இல்லாமல் போகக்கூடாது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. முறையான வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. நண்பரின் துப்பாக்கியைச் சும்மா தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள். மாநில விதியையும் படியுங்கள்: பல இடங்களில் வசந்தத்தில் 'தாடி' (மார்பிலிருந்து முடிக்கற்றை போலத் தொங்கும் இறகு) உள்ள பறவையை மட்டுமே சுடலாம், சில மாநிலங்களில் நண்பகலோடு வேட்டை நேரம் முடிந்துவிடும்.

சரி, பறவைக்கு வருவோம். வான்கோழிக்கு மோப்ப சக்தி குறைவு, கண்தான் எல்லாம். நிறம் தெரியும், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 300 பாகை பார்க்கும். கொசுவை அடிக்கக் கை தூக்கினால் அன்றைய வேட்டை முடிந்தது.

அடுத்தது, ஓயாமல் குரல் கொடுப்பது. இயற்கையில் சேவல் சிறகை விரித்து நிற்கும், பெட்டைதான் அதைத் தேடிப் போகும். நாம் கேட்பது அதற்கு நேர்மாறு. நீங்கள் விடாமல் கத்தினால், பெட்டை வந்துகொண்டிருக்கிறது என்று சேவல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். பதில் குரல் நெருங்கி வருகிறதா? வாயை மூடிக்கொண்டு துப்பாக்கியை முழங்காலில் தயாராக வையுங்கள். விடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவதும் தவறுதான். காலையில் சேவலோடு சுற்றும் பெட்டைகள் முட்டையிடப் போனபின், 9 மணிக்கு மேல், தனியாகிவிட்ட சேவல் உங்கள் குரலைத் தேடி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. அநேகமாக அது சத்தமே போடாமல் வரும்.

சுடுவதில் புதியவர்கள் தவறுவது தூரக் கணக்கில். சீசனுக்கு முன் தாளில் சேவலின் தலையையும் கழுத்தையும் வரைந்து 10, 20, 30, 40 கஜத்தில் சுட்டுப் பாருங்கள். ஷாட்கன் சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கி; சிதறலைக் குறைக்க அதன் குழல்முனையைக் குறுக்கும் பகுதிதான் சோக். இறுக்கமான சோக் போட்டால் 10 கஜத்தில் குண்டுகள் ஒரு சாத்துக்குடி அளவுக்குள் அடங்கிவிடும். கை சற்று விலகினாலும் பக்கத்தில் நிற்கும் பறவை தப்பிவிடும். தொலைவில் தாள் முழுக்கச் சிதறி, கழுத்தில் இரண்டு மூன்று குண்டுகளே விழுந்திருந்தால் அது உங்கள் எல்லைக்கு அப்பாற்பட்ட தூரம். உடம்பைக் குறிவைக்காதீர்கள், தடித்த சிறகும் மார்புச் சதையும் குண்டைத் தாங்கிக்கொள்ள, பறவை காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும். எனக்கு இதைவிட வருத்தமான முடிவு வேறில்லை. சிறகு விரித்து நிற்கும் சேவல் கழுத்தை உள்ளிழுத்திருக்கும். ஒரு சிறு 'க்ளக்' ஒலி எழுப்பினால் தலையை நிமிர்த்தும், அப்போது சுடுங்கள். சேவலுக்குப் பின்னாலும் பக்கத்திலும் பெட்டைகள் இல்லையா என்று பார்த்துவிட்டு.

பறவை விழுந்ததும் படம் எடுப்பதில் மும்முரமாகி, டேக் (சுட்ட பறவைக்கான அடையாளச் சீட்டு) நிரப்ப மறப்பவர்கள் உண்டு. பல மாநிலங்களில் பறவையை நகர்த்துவதற்கு முன்பே டேக் நிரப்ப வேண்டும், குறித்த நேரத்துக்குள் தொலைபேசியிலோ இணையத்திலோ தெரிவிக்கவும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் இந்தப் பறவை அடியோடு இல்லாமல் போயிருந்தது. வலைவீசிப் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டுத்தான் மீட்டார்கள். துப்பாக்கி, தோட்டா மீது 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வசூலாகும் வரியும் அதற்கு உதவியது. அடுத்த ஆண்டு எத்தனை பறவை, எத்தனை நாள் என்று தீர்மானிக்க வனவிலங்குத் துறையினர் பார்க்கும் விவரங்களில் நீங்கள் அனுப்பும் கணக்கும் ஒன்று.