புளிக்கும் பியரை ருசிப்பது எப்படி: ரோடன்பாக் கிராண்ட் க்ரூ

முதல் மிடறிலேயே "கெட்டுப்போச்சு" என்று கிளாஸைக் கீழே வைத்துவிடுபவர்கள் உண்டு. பெல்ஜியத்தின் ரூசெலாரே ஊரில் தயாராகும் ரோடன்பாக் புளிக்கத்தான் வேண்டும். அதன் ஒரு வகையான கிராண்ட் க்ரூவில் மூன்றில் இரண்டு பங்கு, ஃபூடர் எனப்படும் பிரம்மாண்டமான ஓக் தொட்டிகளில் இரண்டு ஆண்டு கிடந்த பழைய பியர். மீதி இளம் பியர். ரோடன்பாக்கின் இன்னொரு வகையான கிளாசிக்கில் பழையது நான்கில் ஒரு பங்குதான். இரண்டும் கிடைத்தால் கிளாசிக்கை முதலில் திறங்கள். வரிசை மாறினால் கிளாசிக் சப்பென்று தெரியும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதீர்கள். 4 டிகிரியில் மணம் எழாது, வெறும் புளிப்புதான் நாக்கில் நிற்கும். 8 முதல் 12 டிகிரி போதும். உறையவைத்த கிளாஸ் வேண்டவே வேண்டாம். வாய் குறுகிய துலிப் கிளாஸை நன்றாக அலசுங்கள். சோப்போ எண்ணெய்ப் பிசுக்கோ மிஞ்சினால் நுரை நிற்காது. சாய்த்துப் பிடித்து 150 மில்லி ஊற்றினால் சுழற்ற இடம் இருக்கும்.

முதலில் முகருங்கள். செர்ரி வாசம் வரும். ஆனால் இதில் செர்ரி சேர்ப்பதில்லை, நொதித்தலில் பிறக்கும் எஸ்டர்கள் எனப்படும் மணப்பொருட்களின் வேலை அது. ஓக் மரம் தரும் வெனிலா வாசத்தைத் தேடாதீர்கள். பல்லாண்டு பழகிய பெரிய தொட்டியில் மரச்சுவை அவ்வளவாக இறங்காது. அங்கே வேலை செய்வது மரத்தில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான்.

முதல் மிடறு வாயைப் பழக்க மட்டுமே, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவதை ஐந்து விநாடி வாயில் வைத்திருந்து விழுங்கி, மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். இரண்டு புளிப்புகளைப் பிரித்தறிவதுதான் இதில் முக்கியம். தயிர்போல உருண்டு வருவது லாக்டிக் அமிலம். மூக்கில் ஏறும் காரமான புளிப்பு, வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம். மரத்தின் வழியே மெல்லக் கசியும் காற்றால் உருவாவது. கிராண்ட் க்ரூவில் இரண்டும் இருக்கும், இளம் பியரின் மால்ட் (முளைகட்டிய தானியம்) இனிப்பு அவற்றைத் தாங்கிப் பிடிக்கும். கடைசியில் ஈறுகளில் லேசான துவர்ப்பு. பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு பெயருக்குத்தான்.

நெயில் பாலிஷ் நெடி மேலோங்கினால் அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கூடி எத்தில் அசிடேட் மிகுந்துவிட்டது என்று பொருள். நனைந்த அட்டை வாசம் வந்தால், பாட்டிலுக்குள் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. இவை இரண்டும்தான் குறை, புளிப்பு அல்ல.

இடையிடையே தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும். மிளகாய் போட்ட மிக்சரைத் தள்ளி வையுங்கள், புளிப்போடு காரம் சேர்ந்தால் நாக்கு எரியும். கிளாஸில் கொஞ்சம் மிச்சம் வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். சூடு ஏற ஏற வினிகர் நெடி தூக்கலாகும்.