'மாறிவிட்டது' என்று எழுதாதீர்கள்: நொதியே கண் லென்ஸாக இருக்கும் கதை

"வாத்தின் இதயத்தில் வேலை செய்யும் ஒரு நொதி, கண்ணில் லென்ஸ் புரதமாக மாறிவிட்டது." பரிணாமம் பற்றிய குறிப்புகளில் இப்படி ஒரு வாக்கியம் அடிக்கடி தென்படும். நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான். அதில் பிழையான சொல் ஒன்றே ஒன்று: 'மாறிவிட்டது'.

எதுவும் மாறவில்லை. வாத்தின் லென்ஸில் எப்சிலான் கிரிஸ்டலின் என்று பெயர் பெற்றிருந்த புரதம், லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் பி என்ற நொதிதான் என்று ஆய்வாளர் கிரேம் விஸ்டோவும் சகாக்களும் 1987-இல் காட்டினார்கள். இரண்டையும் உண்டாக்குவது ஒரே மரபணு, அதுவும் ஒற்றை நகலாகவே உள்ள மரபணு என்பது அடுத்த ஆண்டே உறுதியானது. லென்ஸிலிருந்து பிரித்தெடுத்துச் சோதித்தாலும் அந்தப் புரதம் பைருவேட்டை லாக்டேட் ஆக்குகிறது. வேறுபாடு அளவில் இருக்கிறது. மற்ற திசுக்களில் கொஞ்சமாக இருப்பது இங்கே குவியலாக இருக்கிறது.

குவியல் எதற்கு? ஒளியை வளைக்க லென்ஸுக்குள் புரதம் மிக அடர்த்தியாக இருக்க வேண்டும். அவ்வளவு அடர்த்தியிலும் அது கட்டிப்படாமல் கரைந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒளி சிதறும். லென்ஸின் இழைச் செல்கள் முதிரும்போது உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுவதால், நடுப்பகுதியில் இருக்கும் புரதத்துக்குப் பதிலாகப் புதியது வரவே வழியில்லை. கருவில் உருவானது கடைசிவரை தாக்குப்பிடிக்க வேண்டும். நன்றாகக் கரையும், எளிதில் சிதையாத நொதிகளுக்கு இந்த வேலை பொருந்திப்போனதில் வியப்பில்லை.

இந்த இடத்தில் இன்னொரு அவசர முடிவு காத்திருக்கிறது. லென்ஸ் தன் ஆற்றலைப் பெரும்பாலும் ஆக்சிஜன் இல்லாத குளுக்கோஸ் சிதைவிலிருந்தே பெறுகிறது. அந்தப் பாதையின் கடைசிப் படி லாக்டேட் டிஹைட்ரஜனேஸ். ஆகவேதான் வாத்தின் கண்ணில் அது நிறைந்திருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கோழியின் லென்ஸில் எப்சிலான் கிரிஸ்டலின் கிடையாது. கோழியின் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. வளர்சிதை மாற்றத்துக்குத் தேவையான அளவு எது, லென்ஸில் கொட்டிக்கிடக்கும் அளவு எது என்று பிரித்துப் பார்க்காததால் வரும் பிழை இது.

பாடநூல் வரிசையை அப்படியே பொருத்துவதும் பலரை வழுக்கிவிடும். முதலில் மரபணு இரட்டிக்கும், பிறகு ஒரு நகல் பழைய வேலையைப் பார்க்க, மற்றது புதிய வேலையைக் கற்கும் என்பது அந்த வரிசை. வாத்தின் எப்சிலானில் இரட்டிப்பே நடக்கவில்லை, இரண்டு வேலையும் நடக்கிறது. ஆய்வாளர் ஜோராம் பியாட்டிகோர்ஸ்கி இதற்கு 'மரபணுப் பகிர்வு' என்று பெயர் வைத்தார். பறவை லென்ஸின் இன்னொரு புரதமான டெல்டா கிரிஸ்டலினில் இரட்டிப்பு உண்டு. அது யூரியா சுழற்சியில் வரும் ஆர்ஜினினோசக்சினேட் லையேஸ் என்ற நொதியின் வழி வந்தது. அதன் இரண்டு நகல்களில் டெல்டா-2 மட்டுமே நொதியாக வினைபுரியும். கோழியின் லென்ஸில் வினைபுரியாத டெல்டா-1 மிகுதி. வாத்தின் லென்ஸிலோ இரண்டுமே ஏராளம். ஆகவே 'கிரிஸ்டலின் ஆன நொதிக்கு வினைத்திறன் போய்விடும்' என்பதும் 'எல்லாவற்றிலும் இருக்கும்' என்பதும் ஒரே அளவுக்குத் தவறு. கணவாயின் எஸ்-கிரிஸ்டலின்கள் குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் வழி வந்தவை. அவற்றில் பெரும்பாலானவை வினைத்திறனை ஏறக்குறைய முழுதாக இழந்தவை.

கிரிஸ்டலின் என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பதவிப் பெயர். லென்ஸில் ஏராளமாகக் கரைந்திருக்கும் எந்தப் புரதத்துக்கும் அந்தப் பெயர் கிடைக்கும், உறவு இருக்க வேண்டிய அவசியமில்லை. பெயரைப் பார்த்து அது படிகமாக இருக்கும் என்று நினைப்பதும் உண்டு. உள்ளே உண்மையிலேயே படிகங்கள் உருவானால் லென்ஸ் மங்கிவிடும்.

ஒவ்வொரு விலங்கின் கிரிஸ்டலினுக்கும் அதன் வாழ்க்கை முறையில் காரணம் தேடும் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். பறவைகளின் லென்ஸில் வழக்கமாக முதன்மையாக இருப்பது டெல்டா. வட அமெரிக்காவின் புகைபோக்கி உழவாரனிடம் அது இல்லை என்று 1990-இல் தெரியவந்தது. நாளெல்லாம் பறந்தபடியே பூச்சி பிடிக்கும் பறவை அது. அதே பிழைப்பை நடத்தும் தகைவிலானின் லென்ஸோடு அதன் லென்ஸ் ஒத்துப்போயிருக்க வேண்டும் அல்லவா? ஒத்துப்போனதோ பூவில் தேன் குடிக்கும் ஹம்மிங் பறவையோடு. உழவாரனுக்கு நெருங்கிய உறவு அதுதான்; பிழைப்பைவிட வம்சம் வென்றுவிட்டது. அதற்காக எல்லாமே தற்செயல் என்று மறுபக்கம் சாயவும் முடியாது. அதே ஆய்வு, உழவாரன், ஹம்மிங் பறவை ஆகியவற்றின் எப்சிலானின் அமினோ அமில வரிசை மற்ற பறவைகளிலும் ஊர்வனவற்றிலும் இருப்பதிலிருந்து வேறுபடுவதைக் கண்டு, மூலக்கூறு அளவில் இயற்கைத் தேர்வும் இயங்கியிருக்கலாம் என்றது.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் கண்ணுக்குத் தாவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மனித லென்ஸை நிரப்புவது ஆல்பா, பீட்டா, காமா கிரிஸ்டலின்கள். அவற்றில் நொதி எதுவும் இல்லை. கினி பன்றியின் லென்ஸில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஸீட்டா கிரிஸ்டலின், அதாவது ஒரு குயினோன் ரிடக்டேஸ் நொதி. அதில் 34 அமினோ அமிலங்கள் விடுபட்டுப்போன ஒரு வம்சத்தில் குட்டிகள் கண்புரையோடு பிறக்கின்றன. அந்தச் செய்தியை மனிதக் கண்புரைக்கான விளக்கமாக எடுத்தாள முடியாது. நம் லென்ஸில் ஸீட்டா ஒரு கிரிஸ்டலினே அல்ல.